இரண்டு வீடுகளுக்கு நடுவே
கேரல் பவனி செல்லும் இளைஞர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பிற்குரிய வாலிபர் ஐக்கியத்துத் தம்பிமார்களுக்கும் தங்கைமார்களுக்கும்,

மார்கழி பிறந்துவிட்டால் நம் பாளையங்கோட்டைக்கு உறக்கம் குறைந்துவிடுகிறது. நள்ளிரவு கடந்தும் தெருத்தெருவாக முழங்கும் உங்கள் டிரம்மும் கித்தாரும் ஓய்வதற்கும், விடியற்காலையில் ராஜகோபால சுவாமி கோயில் பக்கத்திலிருந்து திருப்பாவை எழுவதற்கும் இடைப்பட்ட சொற்ப நேரத்திலேதான் இவ்வூர் கண்ணயர வேண்டியிருக்கிறது. இதை நான் குறையாகச் சொல்ல வரவில்லை. ஒரே மாதத்தை அவர்கள் அதிகாலையிலும் நாம் பின்னிரவிலுமாகப் பங்கிட்டுக்கொண்டு, காலையில் பூசணிப்பூ வைத்த கோலத்தின் மிச்சத்தை மிதிக்காமல் ஒதுங்கி நடந்து, அடுத்த வீட்டு வாசலில் தொங்கும் காகித நட்சத்திரத்தின் கீழ் நின்று நீங்கள் பாடுகிற அழகு வேறு எத்தனை ஊர்களுக்கு வாய்த்திருக்கும் என்று நான் வியந்ததுண்டு. இம்மடலை எழுதத் தூண்டிய விஷயம் வேறு.

உங்கள் பவனியின் ஒழுங்கை நான் அறிவேன். சபை அங்கத்தினரின் வீடுகளைத் தெருவாரியாகப் பட்டியலிட்டு, இன்ன இரவு வண்ணார்பேட்டை, இன்ன இரவு சமாதானபுரம், இன்ன இரவு மகாராஜநகர் என்று வகுத்துக்கொண்டு, ஒரு வீட்டில் இரண்டு பாட்டுப் பாடி, ஐயரவர்களோ உபதேசியாரோ ஜெபித்து முடித்ததும், அவ்வீட்டார் அளிக்கும் கேக்கையும் அச்சுமுறுக்கையும் சுக்குக் காப்பியையும் மறுக்க மனமின்றி ஏற்று, காணிக்கை உறையைப் பொருளாளர் கையில் சேர்ப்பித்து, கிறிஸ்துமஸ் தாத்தா வேடமிட்ட தம்பியை முகமூடியோடு வேனுக்குள் தள்ளி ஏற்றி, அடுத்த வீட்டுக்கு விரைந்துவிடுகிறீர்கள். பட்டியல் நீளம், இரவோ குறுகல். ஆகவே விரைவதும் நியாயமே. ஆனால் அந்த இரண்டு வீடுகளுக்கு நடுவே கிடக்கிற தெருவும் சந்தியும் பாலமும் பேருந்து நிறுத்தமும் உங்கள் கணக்கில் கடந்து தொலைய வேண்டிய தூரமாக மாத்திரமே இருக்கின்றன. அந்தத் தூரத்தைப் பற்றித்தான் எழுத விரும்புகிறேன். ஏனெனில் நீங்கள் வீட்டுக்கு வீடு பாடுகிற அந்தச் சம்பவம் முழுவதும் நடந்தேறியது அத்தகைய ஓர் இடைவெளியிலேதான்.

லூக்கா எழுதின சுவிசேஷத்தின் இரண்டாம் அதிகாரத்தை, பண்டிகை ஆராதனையில் கேட்டுக் கேட்டுப் பழகிய செவியைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, இன்றுதான் முதன்முதல் கையில் கிடைத்ததாக எண்ணிப் படித்துப் பாருங்கள். ரோமாபுரிச் சக்கரவர்த்தியாகிய அகுஸ்துராயன் குடிமதிப்பு எழுதக் கட்டளையிட, நாசரேத்திலிருந்த யோசேப்பு நிறைசூலியான மரியாளை அழைத்துக்கொண்டு பூர்விக ஊராகிய பெத்லகேமுக்குப் பிரயாணப்பட நேர்ந்தது. தாலுகா ஆபீஸ் வராந்தாவில் கால் கடுக்க நின்று நாம் சலித்துக்கொள்கிறோமே, சர்க்கார் பதிவேட்டில் பெயர் ஏற்றுவதற்கான அந்த அலைச்சலிலேதான் கதை தொடங்குகிறது. சத்திரத்தில் இடமில்லை. பிறந்த பிள்ளையைத் துணிகளில் சுற்றி மாட்டுத் தொட்டியாகிய முன்னணையில் கிடத்துகிறார்கள். மாதம் எது, தேதி எது என்று சுவிசேஷகர் எவரும் குறிக்கவில்லை. மாடும் கழுதையும் அங்கே நின்றதாகக்கூட எழுதவில்லை, அவற்றைப் பிற்காலத்துப் பக்தர்கள் ஏசாயா தீர்க்கதரிசியின் வசனத்தைக் கொண்டு கூட்டிச் சேர்த்தார்கள். ஆனால் முன்னணையை மாத்திரம் லூக்கா அச்சிறு பகுதிக்குள் மும்முறை குறிப்பிடுகிறார். தூபவர்க்கமும் பலிபீடமும் ஆசாரியர் கூட்டமும் நிறைந்த எருசலேம் தேவாலயம் அங்கிருந்து சுமார் 9 கிலோமீட்டர் தூரத்தில்தான் இருந்தது. இருந்தும் மேய்ப்பருக்கு அடையாளமாகச் சொல்லப்பட்டது மாடு தின்கிற தொட்டி.

அந்த மேய்ப்பர்கள் யார்? நம் நாடகங்களில் அவர்களுக்குப் பாட்டியின் கம்பளியைப் போர்த்தி, பருத்தியால் தாடி ஒட்டி, கையில் வளைந்த கோலொன்றைக் கொடுத்து மேடையேற்றுகிறோம். அதற்குப் பதிலாக, நம் தென் மாவட்டங்களில் அறுவடை முடிந்த வயல்களில் ஆட்டுக்கிடை போடும் கீதாரிகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஆட்டுப் புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்கு உரமாகுமென்று நிலக்காரர் கூலி பேசி மந்தையை வரவழைத்துத் தம் வயலில் இராத்தங்க வைப்பார். கீதாரியும் அவன் கூட்டத்தாரும் பகலெல்லாம் மேய்ச்சலுக்கு நடந்து, இரவெல்லாம் நரிக்கும் திருடனுக்கும் காவலாக விழித்திருந்து, சில நாட்களில் அவ்வயலை விட்டு அடுத்த வயலுக்குப் பெயர்ந்து போவார்கள். மாதக்கணக்காகச் சொந்த ஊரைப் பாராதவர்கள். திருவிழாக்கள் அவர்களைத் தொடாமல் கடந்துபோகும். எந்த ஊர்க்காரரும் அவர்களைத் தம் ஊரார் என்று எண்ணுவதில்லை. லூக்கா சொல்லும் மேய்ப்பர்களும் இராத்திரியில் தம் மந்தையைக் காத்துக்கொண்டு வயல்வெளியில் தங்கியிருந்தவர்களே. உலகத்தின் முதல் கிறிஸ்துமஸ் செய்தி உறங்கிக்கொண்டிருந்த பெத்லகேம் நகரத்தாரைத் தட்டி எழுப்பவில்லை; இராவேலை பார்த்துக்கொண்டிருந்தவர்களிடம், அவர்கள் வேலை பார்த்துக்கொண்டிருந்த இடத்திலேயே வந்து சேர்ந்தது. தொழிலை விடும்படி அவர்களிடம் ஒருவரும் சொல்லவில்லை. போய்ப் பார்த்தார்கள், துதித்துக்கொண்டே திரும்பினார்கள்.

இப்போது உங்கள் வேனுக்கு வெளியே பாருங்கள். ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியின் வெளித்தாழ்வாரங்களில், உள்ளே கட்டிலில் கிடப்பவருக்குத் துணையாக வந்த கிராமத்து ஜனங்கள் செய்தித்தாளையும் பழைய புடவையையும் விரித்துப் படுத்திருக்கிறார்கள். வயலையும் ஆடுமாட்டையும் யாரிடமோ ஒப்படைத்துவிட்டு வந்து, டிபன் கேரியரையும் பிளாஸ்கையும் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, பெயர் சொல்லி அழைக்கும் நர்ஸின் குரலுக்காகப் பாதித் தூக்கத்தில் காது கொடுத்திருக்கிறார்கள். ஆட்டோக்காரர் பின்னிருக்கையில் மடங்கிக் கிடக்கிறார். பணம் எடுக்கும் இயந்திரத்துக்குக் காவலிருக்கும் முதியவர் தமது நாற்காலியைக் குளிருக்கு ஒதுக்கமாக நகர்த்திப் போடுகிறார். மூன்று மணியளவில் பத்திரிகைக் கட்டுகள் வந்து இறங்க, சைக்கிள் பையன்கள் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து இணைப்புத்தாள்களைச் செருகுகிறார்கள். தூய்மைப் பணியாளரான பெண்கள், நீங்கள் முந்தின இரவு வெடித்துவிட்டுப் போன பட்டாசின் காகிதத்தையும் சேர்த்துத்தான், முதல் பேருந்து வருமுன் கூட்டி முடித்தாக வேண்டும். பண்டிகைக்குள் கதவு செய்து தருவதாக ஒப்புக்கொண்ட தச்சாசாரி பாதி மூடிய கடைக்குள் இன்னும் இழைத்துக்கொண்டிருப்பார். அவரைக் கடக்கும்போது ஒன்றை நினைவு கூரலாம். அரசரையும் வணிகரையும் தலைவராகக் கொண்டு காப்பியம் பாடிய தமிழில், கைத்தொழிலால் பிழைத்த ஒரு தச்சரைத் தலைவராக்கி 3,615 செய்யுட்கள் பாட ஒருவருக்குத் துணிவு வந்தது. வீரமாமுனிவர் 18-ஆம் நூற்றாண்டில் இயற்றிய தேம்பாவணியின் நாயகர் யோசேப்பாகிய சூசையப்பர்தாம்.

நான் சொல்ல வருவது இவ்வளவே. நீங்கள் இரட்சகரை வேனில் ஏற்றிக்கொண்டு வீடுவீடாக விநியோகிக்கப் புறப்படுகிறீர்கள் என்ற எண்ணம் உங்களையறியாமல் உள்ளே குடியேறியிருந்தால், அதை இறக்கி வைத்துவிடுங்கள். அவர் உங்களுக்கு முன்னமே புறப்பட்டுப் போய் அந்தத் தாழ்வாரத்தில் இருக்கிறார். சர்வவியாபி என்று ஞாயிறு வகுப்பில் நாம் மனப்பாடம் செய்து ஒப்பித்த லட்சணத்துக்கு இதைத் தவிர வேறென்ன பொருள் இருக்க முடியும்? அவருடைய பிரசன்னத்தைப் போகும் வழியில் கண்டுகொள்வதொன்றே உங்களுக்கு மிஞ்சியிருக்கும் ஊழியம்.

கண்டுகொள்வது எளிதென்று நான் சொல்லவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் திண்டிவனத்தில் நடந்த ஒன்றை உங்களில் பலர் அறிந்திருப்பீர்கள். மிஷனரி மருத்துவராகிய தந்தையின் வீட்டில், தாயாரின் நோயை முன்னிட்டு அமெரிக்காவிலிருந்து வந்து தங்கியிருந்த ஐடா ஸ்கடர் என்ற இளம்பெண், இந்தியாவில் தமக்கு வேலையில்லை, தாய்நாட்டுக்குத் திரும்பிவிடுவதே முடிவு என்றிருந்த காலம். ஒரே இரவில் மூவர் ஒருவர்பின் ஒருவராக வந்து கதவைத் தட்டினார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முகம்மதியர், மற்றொருவரும் இந்துவே. மூவர் வீட்டிலும் பிரசவ வேதனையில் இளம் மனைவியர். தந்தை வருவார் என்று ஐடா சொன்னார். அந்நிய ஆடவர் தொட்டு வைத்தியம் பார்ப்பதற்கு அவர்கள் சம்மதிக்கவில்லை. நீங்கள் வாருங்கள் என்று மன்றாடினார்கள். அவருக்கோ மருத்துவம் தெரியாது. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அந்த மூன்று தட்டல்களில் அவர் தேவனுடைய அழைப்பைக் கேட்டார். அமெரிக்கா சென்று மருத்துவம் கற்று, 1900-ஆம் ஆண்டு வேலூருக்குத் திரும்பி ஒரே ஒரு கட்டிலோடு தொடங்கி, 1918-இல் பெண்களுக்கென மருத்துவப் பள்ளியையும் நிறுவினார். இங்கே என் கவனத்தை ஈர்ப்பது பின்னால் எழுந்த பெரிய ஆஸ்பத்திரி அன்று. தட்டிய மூவரில் ஒருவர்கூடக் கிறிஸ்தவர் அல்லர். வேதவசனம் ஒன்றும் பேசினவர்கள் அல்லர். தூக்கத்தைக் கெடுத்தவர்கள், அவ்வளவே. பெத்லகேம் சத்திரத்துக்காரனின் கதவையும் ஒருவர் தட்டியிருந்தால் அது இப்படித்தான் இருந்திருக்கும்.

இதைக் கேட்டதும், இனி ஒவ்வொரு சந்தியிலும் கண்ணை மூடி நின்று மெய்சிலிர்ப்பு வருகிறதா என்று பார்க்கத் தொடங்கிவிடாதீர்கள். மத்தேயுவின் 25-ஆம் அதிகாரத்தில் வருகிற நியாயத்தீர்ப்பின் காட்சியில் நாம் பொதுவாகக் கவனியாமல் விடுகிற ஓர் அம்சம் உண்டு. பசித்தவருக்கு உணவளித்தவர்களும், நோயாளியையும் சிறைப்பட்டவரையும் விசாரித்தவர்களுமான நீதிமான்கள், ஆண்டவரே, நாங்கள் உம்மை எப்போது கண்டோம் என்று கேட்கிறார்கள். அவ்விதம் செய்யாதவர்களும் அதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். ஆக, இரு சாராருமே அவரை அடையாளம் கண்டுகொள்ளவில்லை! கண்டதாக எந்தப் பரவச உணர்ச்சியும் இல்லாமலேயே, எதிரில் இருந்தவருக்கு வேண்டியதைச் செய்ததுதான் அந்த நீதிமான்களின் தரிசனமாக எண்ணப்பட்டது. நம் ஊர் மத்தியச் சிறையின் நெடுமதிலை ஒட்டி உங்கள் வேன் போகும்போது, பாட்டை நிறுத்திவிட்டுப் பேச்சில் இறங்கிவிடுகிறீர்கள். அங்கே பட்டியலில் வீடு ஒன்றும் இல்லையல்லவா! மதிலுக்கு அப்பால் கேட்குமோ கேளாதோ, அந்த நீளத்துக்கு ஒரு பாட்டை நீட்டிக்கொண்டு போவதனால் குறைந்துபோவது ஒன்றுமில்லை.

நம் வீடுகளுக்குள்ளேயும் இத்தகைய இடைவெளிகள் உண்டு. நீங்கள் முன்னறையில் நின்று பாடும்போது சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டு அடுக்களை நிலைப்படியில் வந்து நின்று, எண்ணெய் காய்ந்துவிடுமே என்ற கவலையில் பாதிப் பாட்டிலேயே உள்ளே திரும்பிவிடுகிற தாய்மார்களை நீங்கள் கண்டிருப்பீர்கள். பதினேழாம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்துக் கார்மேல் சபை மடமொன்றில் லாரன்ஸ் என்ற ஒரு சகோதரர் இருந்தார். போரில் காயமுற்றுக் கால் ஊனமானவர்; குருப்பட்டம் பெறாதவர்; மடத்தில் அவருக்குக் கிடைத்த வேலை சமையலறையில். அவ்வேலையில் அவருக்கு இயல்பாகவே வெறுப்பு இருந்ததாம். இருந்தும் ஆண்டுக்கணக்காக அதைச் செய்து, பாத்திரங்களின் இரைச்சலுக்கும் பலர் ஒரே சமயத்தில் ஒவ்வொன்று கேட்கும் நெருக்கடிக்கும் நடுவே, ஆலயத்தில் முழங்காலிட்டிருக்கும்போது உணர்வதற்குச் சற்றும் குறையாத தேவ சமுகத்தை அங்கே அனுபவிப்பதாகச் சொன்னார். 1691-இல் அவர் மறைந்தபின், அவருடைய சம்பாஷணைகளையும் கடிதங்களையும் தொகுத்து வெளியிட்ட சிறு நூல் இன்றுவரை வாசிக்கப்படுகிறது. பண்டிதர்கள் எழுதிய தடித்த வேதசாஸ்திர நூல்களில் எத்தனையோ தூசி படிந்துவிட்டன. நிலைப்படியிலிருந்து திரும்பிப்போகிற அந்தத் தாயை அடுத்த முறை உள்ளே அழைத்து உட்கார வைத்துவிட்டு, உங்களில் ஒருவர் போய் முறுக்குச் சட்டியைப் பார்த்துக்கொள்ளலாம். முறுக்கு கருகினாலும் பாதகமில்லை.

கோயில்பிள்ளையையும் மறந்துவிடாதீர்கள். பண்டிகையன்று அதிகாலை ஆராதனைக்கு நாமெல்லாரும் புத்தாடை சரசரக்க வந்து அமர்வதற்கு வெகுநேரம் முன்பே எழுந்து, பூட்டைத் திறந்து, பாய் விரித்து, மணியடித்து, நாம் கலைந்த பின் மறுபடியும் பாய் சுருட்டும் அம்மனிதருக்குப் பண்டிகைச் சாப்பாடு எப்போது கிடைக்கிறது என்று எவரேனும் கேட்டதுண்டா?

குடிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. இவ்வருஷம் நீங்கள் அமைக்கவிருக்கும் குடிலில் நீர்வீழ்ச்சியும் ஓடும் இரயிலும் வண்ணவிளக்கும் உண்டென்று கேள்விப்படுகிறேன். பெத்லகேமில் இரயில் ஓடியதா என்று கேட்டு உங்கள் உற்சாகத்தைக் கெடுக்க மாட்டேன்! ஆனால் அசிசி நகரத்துப் பிரான்சிஸ் 1223-ஆம் ஆண்டு கிரெச்சியோ என்ற மலையூரில் அமைத்த குடிலில் வைக்கோல் பரப்பிய ஒரு முன்னணையும், உயிருள்ள ஒரு மாடும் ஒரு கழுதையும் இருந்தன. அவற்றின் நடுவே திருப்பலி நடந்தது. அந்தக் குழந்தை பட்ட வறுமையைத் தன் கண்ணாலேயே காண வேண்டும் என்பதுதான் அவர் நோக்கமாயிருந்தது. நாள்தோறும் தொழுவத்தில் புழங்கிய மலைக்குடியானவர்கள் அன்று தீப்பந்தம் ஏந்தி வந்து, தங்கள் தொழுவத்தைத்தான் ஆராதனையின் மத்தியில் கண்டார்கள். நம் குடிலோ சாந்துப் பொம்மைகளால் ஆனது, சாணம் நாறுவதில்லை.

இனி, சொல்வதற்குக் கஷ்டமான ஒன்று. தேவன் எங்கும் இருக்கிறார் என்பதைச் சர்க்கரைப் பாகில் தோய்த்த பேச்சாக்கிவிடுவது நமக்கு மிகவும் சுலபம். 2004-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் கடல் எழுந்து வந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மாத்திரம் 6,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் பண்டிகைக்காக வேளாங்கண்ணிக்கு யாத்திரை வந்திருந்தவர்களும் உண்டு. குளச்சலிலும் குமரிக் கரையோரத்து மற்ற ஊர்களிலும், வாசலில் நட்சத்திரம் தொங்கிய வீடுகளே போயின. அந்தக் காலையில் அவர் எங்கே இருந்தார் என்று கேட்ட ஒருவருக்கு விடை சொல்ல என்னிடம் தர்க்கம் இல்லை. விடை வைத்திருப்பதாகச் சொல்பவர்களிடம் எனக்கு நம்பிக்கையும் இல்லை. நாகூர் தர்கா, மதம் பாராமல் உடல்களை அடக்கம் செய்யத் தன் நிலத்தைத் திறந்துவிட்டதையும், பள்ளிக்கூடங்களிலும் கல்யாண மண்டபங்களிலும் முன்பின் அறியாதவர்கள் அண்டா அண்டாவாகச் சோறு பொங்கியதையும் மாத்திரம் சொல்வேன். மத்தேயு எழுதின கிறிஸ்துமஸ் கதையிலேயே, சாஸ்திரிகள் பொன்னும் தூபவர்க்கமும் வெள்ளைப்போளமும் வைத்துவிட்டுத் திரும்பியபின், குழந்தையைத் தூக்கிக்கொண்டு பெற்றோர் இரவோடிரவாக எகிப்துக்கு அகதிகளாய் ஓடுகிறார்கள். ஏரோதின் சேவகர் வருகிறார்கள். பெத்லகேமின் பாலகர் மடிகிறார்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு பெற்றோர் இரவோடிரவாக எகிப்துக்கு அகதிகளாய் ஓடுகிறார்கள். நம் நாடகங்களில் சாஸ்திரிகள் பணிந்ததும் திரை விழுந்துவிடுகிறது. உங்கள் பட்டியலிலும் இவ்வாண்டு சாவு விழுந்த வீடுகள் இருக்கும். வாசலில் நட்சத்திரம் கட்டாத வீடுகள். துக்கவீடாயிற்றே என்று நீங்கள் கண்ணியமாகவே தாண்டிப் போய்விடுகிற வீடுகள். டிரம்மை வேனிலேயே வைத்துவிட்டு, இருவர் மூவராகப் போய், பாடாமல் பத்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். அவர்கள் பாடச் சொன்னால் பாடலாம்.

காரியங்கள் சிலவற்றைத் திட்டமாகவே கேட்டுக்கொள்கிறேன். ஹைகிரவுண்டில் ஒலிபெருக்கிப் பெட்டி வேண்டாம். மேளம் வேண்டவே வேண்டாம். அதிகாரிகளிடம் முன்கூட்டியே அனுமதி பெற்று, வெளித்தாழ்வாரத்தில் இருப்பவர்களுக்கு எட்டுகிற அளவில் மெல்லிய குரலில் பாடினால் போதும். துண்டுப்பிரதிகளை எடுத்துக்கொண்டு போகாதீர்கள்; நோயாளியின் துணையாய்ப் படுத்திருப்பவர் எந்தத் தெய்வத்தை வேண்டிக்கொண்டிருக்கிறார் என்று விசாரிப்பது உங்கள் வேலை அன்று, அவருடைய பிளாஸ்கில் வெந்நீர் இருக்கிறதா என்று விசாரிப்பது உங்கள் வேலை. கிறிஸ்துமஸ் தாத்தா அங்கே வருவதானால் முகமூடியைக் கழற்றிவிட்டு வரட்டும். அரைத்தூக்கத்தில் கண் விழிக்கும் குழந்தைகள் அலறிவிடும். பொருளாளர் தம்பி காணிக்கை குறைந்துவிடுமே என்று கவலைப்படுவார். அது அவர் வகிக்கும் பதவியின் தர்மம், ஆகையால் நான் அவரைக் குறை கூறமாட்டேன்.

நேரம் எங்கே என்று நீங்கள் கேட்பீர்கள். என் வீட்டை இவ்வாண்டுப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். எங்கள் தெருவில் இன்னும் இரண்டு பெரியவர்களிடம் பேசிப் பார்த்தேன், அவர்களும் சம்மதித்துவிட்டார்கள், ஆகக்கூடி ஒரு மணி நேரமாவது உங்களுக்கு மிஞ்சும். ஆஸ்பத்திரி வாசலிலுள்ள தேநீர்க் கடைக்காரரிடம் ஒரு தொகை கொடுத்து வைத்திருக்கிறேன். தாழ்வாரத்தில் இருப்பவர்களுக்கு அவர் தேநீர் தருவார். எடுத்துப்போய்க் கொடுக்கத்தான் ஆள் வேண்டும். சர்க்கரை வியாதிக்காரர்கள் பலர் இருப்பார்கள். அவர்களுக்குத் தனியாகப் போட்டுத் தரும்படியும் அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

இங்ஙனம்,
உங்கள் மீது அன்புள்ள
சபையின் மூத்த அங்கத்தினன்